ஒன்பது பெட்டிகளுக்கு ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைத்தறியாத அக்காவுக்கு,

உன் தம்பி உட்கார்ந்து எழுதிக்கொள்வது. உட்கார்ந்து என்பதைக் கவனிக்கவும். இங்கே நானும் இவளும் சௌக்கியம். என் முதுகு சௌக்கியத்துக்குப் பக்கத்து வீடு வரை வந்துவிட்டது. அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். இந்த விஷயத்தை நான் சொல்லி நீ கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம். நடுவில் நிறுத்தி என்னைக் கூப்பிடாமல் கடைசி வரை படிக்கவும்.

முதலில் உனக்கு ஒரு பெரிய நன்றி. போன மாதம் நீ போனில் என்னைத் திட்டினாயே, அதற்கு. அந்த நேரத்தில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன். பஸ் டிப்போவில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் என் மெஷின் ஒன்று நிற்கிறது. காசு போட்டால் பிஸ்கட், சிப்ஸ், தண்ணீர் தரும் கண்ணாடிப் பெட்டி. நீ ‘உன் பெட்டிங்க’ என்று சொல்வாயே, அந்த ஒன்பதில் ஒன்று. அன்றைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் சுருள்கம்பியை விட்டு நழுவி, கண்ணாடியில் சாய்ந்து நின்றுகொண்டு, விழ மாட்டேன் என்றது. கதவைத் திறந்து எடுப்பதுதான் முறை. சோம்பல்பட்டு, பொருள் வந்து விழும் வாய்க்குள் வலது கையை விட்டு மேல் நோக்கி நீட்டினேன். பொட்டலம் கைக்கு வந்தது, கை வெளியே வரவில்லை. இழுத்தேன், முதுகில் சடக்கென்று ஏதோ பிடித்துக்கொண்டது. ஒரு கை மெஷினுக்குள், ஒரு கன்னம் கண்ணாடியில், ஒரு முழங்கால் தரையில் என்று உன் தம்பி நிற்கிறான், பின்னால் தண்ணீர் வாங்க நான்கு ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் மூத்தவர் ரொம்பப் பொறுமையாக, “சாவியைக் குடுங்கண்ணே, நான் தெறந்து கையை எடுத்து விடறேன்” என்றார். சாவிக்கொத்து என் இடுப்பில்தான் தொங்கியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாவியை யாரிடமும் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி, உங்கள் இஷ்டம் என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் சட்டைப்பையில் போன் அடித்தது. அவரே எடுத்து, யார் என்று பார்த்து, ‘அக்கான்னு போட்டிருக்கு’ என்று என் காதில் வைத்துப் பிடித்தார். நீ எடுத்த எடுப்பில், “ஆறு வருஷமாச்சு நீ என் வீட்டுப் படி ஏறி. பொண்ணு கல்யாணத்துக்கு வந்து பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினவன் நீ. ஒரு ஆளை வேலைக்கு வை. வெச்சுட்டு, பத்து நாள் இருக்கற மாதிரி வா. இல்லன்னா வராதே” என்றாய். நான் ‘சரிக்கா’ என்றேன். குரல் ஏன் நசுங்கின மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டதற்கு ஜலதோஷம் என்றேன். அது பொய், மன்னித்துக்கொள். நீ வைத்த பிறகும் அந்த ஓட்டுநர் போனை வைக்காமல், “அக்கா சொல்றது சரிதாண்ணே” என்றார். நாற்பது நிமிஷம் கழித்து, கை கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். சாவி கடைசி வரை என் இடுப்பில்தான் இருந்தது.

உனக்குத்தான் என்னைத் தெரியுமே. முப்பது வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஓர் ஆணியைக்கூடக் கையெழுத்து வாங்காமல் வெளியே விட்டதில்லை. தொழிற்சாலையை மூடியபோது எல்லாரும் அழுதுகொண்டு போனார்கள், நான் மட்டும் சாவிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு கையில் வந்ததை வைத்து இரண்டு மெஷின் வாங்கி, அது ஒன்பதாகி, ஆஸ்பத்திரி, டிப்போ, நீச்சல் குளம், தையல் ஆலை, கல்லூரி விடுதி, துணி வெளுக்கும் கடை, ஓட்டுநர் உரிமத் தேர்வு அலுவலகம், நூலகம், திருமணப் பதிவு அலுவலகம் என்று ஊரின் ஒன்பது மூலைகளில் நிற்கின்றன. கடைசியாகச் சொன்ன இடத்தில் தண்ணீர் மட்டும்தான் போகும், எல்லாம் மாப்பிள்ளைகள் வாங்குவது. இத்தனைக்கும் நான் ஒருவனே ஓடினேன். ஓட ஓட ஒரு பக்கம் நிரப்பினால் ஒரு பக்கம் காலி. ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலர் எழுத்துப்பூர்வமாகவே எச்சரித்துவிட்டார்: காத்திருப்போர் கூடத்து மெஷின் இன்னொரு முறை காலியாக நின்றால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், திங்கள்தோறும் வந்து பார்ப்பேன் என்று. அந்த ஒரு மெஷின்தான் அக்கா எங்கள் வீட்டு அடுப்பில் பாதி. நான் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நின்றிருப்பாய்.

ஆள் தேட முடிவு செய்ததும் விளம்பரம் எங்கே கொடுப்பது என்று பேச்சு வந்தது. இவள், பேப்பருக்கு எதற்குப் போக வேண்டும், நம்மிடம் ஒன்பது கண்ணாடி இருக்கிறதே என்றாள். நல்ல யோசனை. என் கையெழுத்திலேயே ஒன்பது தாள் எழுதினேன். ‘ஆள் தேவை. நேர்மை, பொறுமை, காலையில் எழும் பழக்கம் அவசியம். முன் அனுபவம் தேவையில்லை.’ கீழே இவள் போன் எண். ஒட்டிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் இவளுக்கு முதல் அழைப்பு வந்திருந்தது, திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து. ஒரு பெரியம்மா. தன் அண்ணன் மகனுக்கு நேர்மையும் பொறுமையும் நிறைய உண்டு, முன் அனுபவம் சத்தியமாகக் கிடையாது, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். இவளாவது இது வேறு விஷயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கால் மணி நேரம் பையனைப் பற்றி விசாரித்துவிட்டு, காலையில் எழுவாரா என்று கேட்டிருக்கிறாள். அதை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு பழக்கிக்கொள்ளலாம் என்றாராம் அந்த அம்மா. அதற்கு மேல்தான் இவள் மெஷின் விஷயத்தை எடுத்தாளாம். அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, தெரிந்த பெண் இருந்தால் சொல்லுங்கள் என்று எண்ணைக் கொடுத்திருக்கிறார். அந்த எண் இன்னும் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, உனக்குத் தெரிந்த இடம் இருந்தால் எழுது.

நேர்முகத்துக்கு முந்தின நாள் இவளை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். இந்த வேலையில் உங்களுக்கு ஏன் ஆர்வம் என்று கேட்டேன். “எட்டு வருஷமா உங்க கணக்கையும் போனையும் சம்பளமில்லாமலே பாத்துக்கிட்டிருக்கேன், இனிமேதான் ஆர்வம் வரணுமா?” என்று எழுந்து போய்விட்டாள். ஒத்திகை அத்தோடு முடிந்தது. மறுநாள் நம் சாப்பாட்டு மேஜையில் நேர்முகம். முதலில் வந்தவர் கோட்டு போட்டிருந்தார். நான் கேட்க வேண்டியதை எல்லாம் அவரே என்னைக் கேட்டார், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பதவியின் பெயர் ‘மண்டல மேலாளர்’ என்று இருக்க வேண்டும் என்றார். எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குக் கீழேயே நீங்கள் ஒருவர்தான் என்றேன். அப்படியானால் எனக்குக் கீழே யார் என்றார். வேன் இருக்கிறது என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார், இன்னும் யோசிக்கிறார்.

அடுத்து வந்தவர் நல்ல வாட்டசாட்டமான மனிதர், சிரித்த முகம். எனக்குப் பிடித்துவிட்டது. நீச்சல் குளத்து மெஷினை அப்போது பழுது பார்க்க வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தியிருந்தேன். மெஷினைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாவா என்று எழுந்து போய், இடது பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு, அடியில் முழங்காலால் ஓர் இடி. காசு போடாமலே இரண்டு சிப்ஸ் பாக்கெட் வந்து விழுந்தது. இது எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டேன். “எல்லாருக்கும் தெரியாது சார். குளத்துக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் தெரியும்” என்றார். இரண்டு வருஷமாக அந்த மெஷினில் மட்டும் ஏன் சரக்கு சரியாகச் சேரவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், வந்தவர் ஒரே தட்டில் விடை சொல்லிவிட்டார். அந்த இரண்டு பாக்கெட்டையும் அவர் கையிலேயே கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினேன். மனதாரச் சொன்ன நன்றிதான். அன்று மதியமே அந்தப் பக்கத்துத் தகட்டுக்கு நான்கு திருகாணி போட்டு இறுக்கினேன்.

மூன்றாவதாக வந்த அம்மாதான் நம்முடைய ஆள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதிருக்கும். கையில் நான் ஒட்டிய விளம்பரத் தாள் நான்காக மடித்து இருந்தது. இதை எடுத்துக்கொண்டா வந்தீர்கள், மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். தாள் மூன்றாம் வரிசை எண்களை மறைக்கிறது, ஆட்கள் தப்பான எண்ணை அழுத்துகிறார்கள், அதனால் எடுத்துவிட்டேன் என்றார். அதிலேயே என் முதலாளித் தோரணை கொஞ்சம் அடங்கிவிட்டது. இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்குவது. ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்காரர் போன வருஷம் ரொம்ப முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றார். ஐயோ, இப்போது எப்படி இருக்கிறார் என்றேன். “இப்ப நல்லா நடக்கறார், நல்லா பேசறார் சார். அதான் பிரச்சினையே. நான் அடுப்படிக்குப் போனாக்கூட எங்க போறேன்னு கேக்கறார். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் எனக்கு வெளிய வேணும்.” சமையலறையில் இவள் சிரித்தது கூடத்துக்குக் கேட்டது.

பெயர், முகவரி எழுதித் தரச் சொன்னேன். எழுதி நீட்டினார். அதைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன் அக்கா. எனக்குத் தெரிந்த கையெழுத்து. போன வருஷம் ஆஸ்பத்திரி மெஷினில் யாரோ சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அச்சடித்த மாதிரி எழுத்து. ஒரு சீட்டில், ‘ஐயா, தண்ணீருக்கான எண்ணை இரு முறை அழுத்தினேன். இரு முறையும் பழச்சாறு வந்தது. சாறு நன்றாகவே இருந்தது. தகவலுக்காக.’ இன்னொன்றில், ‘இரண்டாம் வரிசையில் பொட்டலம் சாய்ந்து நிற்கிறது. லேசாக இடித்தேன். மன்னிக்கவும்.’ இன்னொன்றில், ‘கீழ் வரிசையில் இருப்பதை எடுக்கக் குனிய முடியாதவர்கள் இங்கே அதிகம்.’ யாரோ ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் உதறல். ஒவ்வொரு காலையும் போனவுடன் முதலில் சீட்டைத்தான் தேடுவேன். பார்த்ததும் பழுதைச் சரிசெய்து, ‘சரிசெய்யப்பட்டது, பொறுத்தருள்க’ என்று பதில் எழுதிக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வருவேன். நாற்பது நாளைக்குப் பிறகு சீட்டு நின்றுவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியவன் நான். இரண்டு வாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டுகளில் பதினொன்றை இரும்பு அலமாரியில் வைத்திருந்தேன். ஸ்டோர் கீப்பர் புத்தி, எதையும் எறிய மாட்டேன். எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரம் சேர்த்து அடுக்கி வைத்தார். பிறகு, “அந்த நாப்பது நாளும் டாக்டர்கிட்ட கேட்டா நாளைக்குப் பாக்கலாம்பாங்க, நர்ஸுகிட்ட கேட்டா டாக்டரக் கேளுங்கம்பாங்க. நான் மெஷின்ல ஒட்டுன சீட்டுக்கு மட்டும் மறுநாள் காலையில பதில் இருக்கும் சார். அந்தக் கட்டடத்துல நான் கேட்டதுக்குப் பதில் வந்த ஒரே எடம் அதுதான்” என்றார். நாளையிலிருந்து வரலாம் என்றேன். சம்பளம், நேரம் எதையும் பேசவில்லை. அதையெல்லாம் இவள் வந்து உட்கார்ந்து பேசி, அவருக்கு வேன் ஓட்டத் தெரியும் என்பதையும் கேட்டுக்கொண்டு முடித்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவர் பெயர் ‘நூலகத்தம்மா’.

ஆளை வைத்தாயிற்று. முதலாளியாக இருப்பது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா? முதல் நாள் அவர் எட்டு மணிக்கு வருவார் என்று நான் நாலரைக்கே எழுந்தேன். வந்த அன்றே சிரமப்படுத்தக் கூடாது என்று நான்கு மெஷினை அவர் வருவதற்குள் நிரப்பிவிட்டேன். வேனைக் கழுவி, அவர் உட்காரும் இருக்கைக்குப் புதுத் துண்டு விரித்து, ஒரு பிளாஸ்கில் டீ. ஒவ்வோர் இடத்திலும் நான் இறங்கி, நான் கதவைத் திறந்து, நான் பெட்டியைத் தூக்கி வைத்து, அவரிடம் ஒரே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்து, இதை அந்தக் கம்பியில் வையுங்கள் என்பேன். வைத்ததும் மிக நன்று என்பேன். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் தையல் ஆலை வாசலில் அவர் வேனை விட்டு இறங்காமல், “சார், நான் வேலைக்கு வந்திருக்கேனா, விருந்துக்கு வந்திருக்கேனா?” என்று கேட்டார். மெல்லப் பழகிக்கொள்ளலாமே என்றேன். சாவியைக் கொடுங்கள், இந்த ஒன்றை நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டினார். என் கை தானாகப் போய் இடுப்பை மூடிக்கொண்டது. அவர் பார்த்தார். நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் வேலையை இரண்டு மடங்கு நேரத்தில் செய்துகொண்டிருந்தோம், அதுதான் உண்மை. அன்று இவள் என்னிடம், அந்த அம்மா நாளைக்கு வராவிட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன் என்றாள்.

வந்தார். மறுநாளும், அதற்கடுத்த திங்களும். திங்கள் என்றால் ஆஸ்பத்திரி அலுவலர் வந்து பார்க்கும் நாள். காலையில் எழுந்து செருப்பில் காலை விட்டேன், முதுகு மறுபடி சடக். இந்த முறை கழுத்து வரை. கட்டிலில் விழுந்தவனால் கூரையைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. எட்டு மணிக்கு நூலகத்தம்மா வந்து அறை வாசலில் நின்றார். சாவி தலையணைக்குக் கீழே இருந்தது. ஆஸ்பத்திரிச் சாவியை மட்டும் கொத்திலிருந்து கழற்றித் தருகிறேன் என்று, அதை எப்படி நுழைப்பது, எந்தப் பக்கம் கால் சுற்று திருப்புவது, கதவைச் சாத்தும்போது எங்கே அழுத்துவது என்று கூரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தேன். இருபது நிமிஷம் சொன்னேன். நூலகத்தம்மா கைகட்டிக் கேட்டுவிட்டு, “ஒன்பதையும் குடுங்க சார்” என்றார். நான் யோசிப்பதற்குள் இவள் தலையணைக்குக் கீழே கையை விட்டாள். கொத்தாக எடுத்தாள். அவர் கையில் வைத்தாள். கையெழுத்து வாங்கவில்லை. வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அக்கா, தொழிற்சாலையை மூடியபோது வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது. இவள் துடைக்கக்கூட இல்லை, காபி போடப் போய்விட்டாள்.

ஒன்பது மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேன் கவிழ்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். பதினொரு மணிக்கு, வேன் கவிழவில்லை, அவர் வேறு ஊருக்கு ஓட்டிப் போய்விட்டார் என்று முடிவு செய்தேன். வேறு ஊரில் போய் எட்டுப் பெட்டி சிப்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று இவள் கேட்டாள், நான் மறுபடி போன் அடித்தேன். பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரி அலுவலரே கூப்பிட்டுவிட்டார். தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டு காதில் வைத்தேன். அவர் தணிந்த குரலில், யார் சார் அந்த அம்மா என்று கேட்டார். நூலகத்தம்மா, மெஷினைக் கூடத்தின் கோடியில் எக்ஸ்ரே அறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, ஆட்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு எதிரே வைக்கச் சொல்லி அவரிடம் போய் நின்றிருக்கிறார். இதையே கேட்டு நான் இரண்டு வருஷத்தில் ஐந்து மனு கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. விதிமுறையில் இடமில்லை என்று அலுவலர் சொன்னாராம். உடனே அந்த அம்மா, சரி, அது இருக்கட்டும், நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தாகம் எடுத்ததும் எழுந்து போய் வாங்கி வாருங்கள், உங்கள் இடம் இருக்கிறதா பார்ப்போம் என்றிருக்கிறார். அலுவலர் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கப் போனார். வருவதற்குள் ஒருவர் அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான்கு ஆட்களைக் கூப்பிட்டு அப்போதே மெஷினை நகர்த்திக் கொடுத்தாராம். மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்ன கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்தார்.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. ஒன்பதும் முடிந்திருந்தது. நான் ஒருவனாகச் செய்தால் இருட்டிவிடும். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டேன். “ரெண்டு கையும் வேலையில இருந்துச்சு சார்” என்றார். சாவிக்கொத்தை என் தலைமாட்டில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

முதுகு சரியானதும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எல்லாம் இடுப்பு உயரத்தில். மெல்ல முடியாதவர்களுக்கு மெத்தென்ற பிஸ்கட், அதற்குப் பக்கத்தில் சர்க்கரை இல்லாதது. நடு வரிசையில் டிஷ்யூ பாக்கெட் ஒரு சுருள் முழுக்க. எட்டு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட மட்டுமா வருகிறார்கள்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய மனிதர் வந்தார், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார், எண்ணை அழுத்தி அந்தப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். என் மெஷினை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஓர் ஆள் என்னிடம் வந்து வேலை கேட்டிருக்கிறார், நான் அவரிடம் பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. டிப்போ மெஷினில் பழக்க தோஷத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதி ஒட்டிவிட்டார்; இப்போது அந்த ஓட்டுநர்கள் சீட்டு விளையாடும்போதுகூடக் கிசுகிசுக்கிறார்கள். என்னையும் திருத்துகிறார். நான் கொடுத்த பணி நியமனக் கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழையைச் சுழித்து, திருத்தி எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆனால் இந்த மூன்று வாரமாக நான் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுகிறேன். முந்தாநாள் சாப்பிட்டபின் தூங்கியே போய்விட்டேன். இவள் பயந்துபோய் எழுப்பினாள்.

எல்லாம் நீ போட்ட அதட்டலில் வந்தது. இத்தனை நாள் என் தொழிலைத் தாங்கியவள் இவள், இனித் தாங்கப்போகிறவர் நூலகத்தம்மா, இரண்டு பேருக்கும் நடுவே என்னை இழுத்துப் போட்டவள் நீ. மூன்று பெண்களுக்குக் கடன்பட்டவனாக இருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் இவளும் கிளம்பி வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, நூலகத்தம்மாவிடம் நாளைக் காலை சொல்லிக்கொள்ளலாம். பத்து நாள் முழுசாக இருப்போம். நான் வந்தால் எதையும் பழுது பார்க்கச் சொல்லாதே, சொன்னால் செய்துவிடுவேன், அதனால்தான் சொல்லாதே என்கிறேன். அத்தானோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். கல்யாணச் சாப்பாட்டில் பாதியில் எழுந்த மாமாவை மன்னித்துவிடச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், முதுகு வளையாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

உன் சொல்லைக் காலம் தாழ்த்திக் கேட்கும்,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போனேன், நூலகத்தம்மா வாசலில் நின்றார். இன்று ஞாயிறாயிற்றே என்றேன். வேலை நேரத்தில் சொந்த விஷயம் பேசக்கூடாது என்று இன்றைக்கு வந்தாராம். ஒரு தாளை நீட்டினார். ‘விடுமுறை விதிகள் எதுவும் எனக்குத் தரப்படாததால் நானே எழுதிக்கொள்கிறேன்’ என்று ஆரம்பித்தது. வரும் வெள்ளியிலிருந்து பத்து நாள். வீட்டுக்காரர் வெளியூர் போகலாம் என்று டாக்டர் நேற்றுதான் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் அந்த மனிதர் கடலைப் பார்க்க வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘எப்ப பஸ்?’ என்று கேட்டிருக்கிறேன்.

ஆக, மேலே எழுதியதில் நான் வருவதாகச் சொன்னது எல்லாம் ரத்து. ஒன்பது பெட்டியும் மறுபடி என் தலையில். இரண்டு டிக்கெட் வீணாகக் கூடாது என்று இவள் மட்டும் கிளம்புகிறாள், இன்னொரு டிக்கெட்டில் தன் பையை உட்கார வைப்பாளாம். பத்து நாளும் நீங்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசுவீர்கள், தெரியும். பேசுங்கள். நூலகத்தம்மா திரும்பியதும் நான் வருகிறேன். நிச்சயம் வருகிறேன்.

அந்தத் தாளின் அடியில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் அக்கா. முப்பது வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக யார் யார் அறை வாசலிலோ நின்றிருக்கிறேன். நானே எழுதியது இதுதான் முதல் தடவை. அவர் வாங்கிப் பார்த்தார், பிழை எதுவும் இல்லை என்றார்.